பன்னிரண்டாம் மாடியில் விளக்கு ஆடினால் கீழே ஓட வேண்டுமா?

வாசகி எழுதியது:

"அக்கா, வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியில் 12ஆம் மாடியில் இருக்கிறோம். 2012இல் சித்திரை வருசத்துக்கு இரண்டு நாள் முந்தி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருந்த நேரம் ஹோலில் தொங்கிய விளக்கு தானாக ஆடத் தொடங்கியது. மீன் தொட்டித் தண்ணீர் கரையால் வழிந்தது. எனக்குத் தலை சுற்றியது. எல்லாரும் படியால் ஓடி இறங்கி மரைன் டிரைவில் போய் நின்றோம். கீழே கடை வைத்திருக்கும் அண்ணை, 'இங்கே ஒன்றும் ஆடவில்லையே பிள்ளை, வெயிலுக்குத் தலை சுற்றியிருக்கும்' என்று சிரித்தார். அதை மறந்தே போயிருந்தேன். 2025இல் மியன்மாரில் நிலநடுக்கம் வந்து பாங்கொக்கில் கட்டடம் பொலபொலவென்று விழுந்த வீடியோவைப் பார்த்த நாளில் இருந்து சரியான நித்திரை இல்லை. எங்கள் மொட்டை மாடியிலும் நீச்சல் குளம் இருக்கிறது. அம்மா 'இலங்கைக்குப் பூமியதிர்ச்சி வராது, சும்மா இரு' என்கிறா. வட்சப்பில் கிழமைக்கு ஒரு குரல் பதிவு '48 மணித்தியாலத்துக்குள் பெரிய ஆட்டம்' என்று வருகிறது. இவர் வீட்டை விற்றுவிட்டுக் கண்டிப் பக்கம் போவோம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

தங்கச்சி,

முதலில் உங்களுக்கும் அந்தக் கடைக்கார அண்ணைக்கும் இடையில் இவ்வளவு காலமாக நிலுவையில் இருக்கும் வழக்கை முடித்து வைக்கிறேன். இரண்டு பேரும் சொன்னது உண்மை. அன்றைக்கு 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. நம் நேரப்படி பிற்பகல் 2.08க்கு சுமாத்திராவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் 8.6 பருமனில் ஒரு நிலநடுக்கம், கொழும்பில் இருந்து 1,500 கிலோமீற்றருக்கும் அப்பால். பாறைக்குள்ளால் வேகமாக ஓடி வரும் முதல் அலை மூன்று, மூன்றரை நிமிடத்தில் இங்கே வந்து போயிருக்கும், அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். விளக்கை ஆட்டியது அதற்குப் பின்னால் நிலத்தின் மேற்பரப்பு வழியாக ஆறுதலாக அசைந்து வந்த அலைகள், அவை கொழும்புக்கு வந்துசேர ஏழெட்டு நிமிடம் எடுக்கும்.

நானும் அன்று கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தின் ஒன்பதாம் மாடியில் கூட்டம் ஒன்றில் இருந்தேன். யன்னல் திரையை இழுக்கும் கயிறு, ஒரு மீற்றர் நீளம் இருக்கும், கண்ணாடியில் டக்... டக்... என்று தட்டத் தொடங்கியது. மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன், ஒரு தரம் போய் வர இரண்டு செக்கனுக்குக் கிட்ட. கல்லோடும் நிலத்தோடும் இருபது வருசம் வேலை செய்த எனக்கே அது என்னவென்று பிடிபட அரை நிமிடம் எடுத்தது. அப்புறம் எல்லாரும் லிப்டுக்கு முன்னால் முண்டியடித்தார்கள். அவசர வழிக் கதவில் மாமரத்துக் காய் அளவு பூட்டு. சாவி செக்கியூரிட்டி ஐயாவிடம், ஐயா சாப்பிடப் போயிருந்தார். அந்தப் பூட்டை இன்றைக்கும் மறக்கவில்லை, ஆகவே கடைசியில் அதற்கு வருவேன்.

மேலே ஆட்டம், கீழே ஒன்றுமில்லை என்பது எப்படி? பக்கத்து ஒழுங்கையில் பிறந்தநாள் பார்ட்டி நடக்கிறது என்று வையுங்கள். உங்கள் வீட்டுக்கு என்ன கேட்கும்? பாட்டின் சொல் கேட்காது, கீபோர்ட் கேட்காது, டும் டும் என்ற பேஸ் மட்டும் சுவரைத் தாண்டி வந்து நெஞ்சில் அடிக்கும். பூமிக்குள்ளும் இதே கதைதான். விரைவாகத் துடிக்கும் அலைகள் வழியிலேயே பாறையால் தின்னப்பட்டுப் போகும், மெதுவாக ஆடும் அலைகள்தான் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீற்றர் தாங்கி வரும். ஆகவே தூரத்துப் பெரிய நிலநடுக்கம் கொழும்புக்கு வரும்போது அது வெடி மாதிரி வராது, ஊஞ்சல் மாதிரி வரும்.

ஊஞ்சல் என்றதும் அடுத்த விசயம். வீட்டில் ஒரு சாவிக் கொத்தை நூலில் கட்டி, முழங்கை நீளத்துக்குக் குறைவாகப் பிடித்துக் கையை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்துப் பாருங்கள். கையை விசுக் விசுக்கென்று ஆட்டினால் சாவி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். மிக ஆறுதலாக நகர்த்தினால் கையோடு கூடவே வரும். நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, அந்த வேகத்தில் கையைக் கொஞ்சமாக அசைத்தாலே சாவி கூரைக்கு எகிறப் பார்க்கும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இதன் பெயர் ஞாபகம் இருக்கும், பரிவு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இப்படிச் சொந்தமாக ஒரு அலைவுகாலம் உண்டு. மாடிக்கு 0.1 செக்கன் என்று பொறியியலாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி கடைக்கார அண்ணையின் ஒற்றை மாடிக் கடை 0.1 செக்கனில் துடிக்கும், உங்கள் தொடர்மாடி ஒரு செக்கனுக்குச் சற்று மேல், 30 மாடி என்றால் மூன்று செக்கன். தூரத்தில் இருந்து மெதுவாக ஆடி வரும் அலைக்கு அண்ணையின் கடையில் வேலை இல்லை. உயரக் கட்டடத்தோடு அதற்குக் கொஞ்சம் ஒத்துப் போகும், மேலே போகப் போக ஆட்டம் பெருகும். உங்கள் விளக்கும் மீன் தொட்டியும் தங்கள் தங்கள் தாளத்தில் சேர்ந்துகொண்டன. தலை சுற்றியதும் பொய் இல்லை, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உங்கள் கண்ணுக்கு முந்தியே அந்த அசைவைப் பிடித்துவிட்டது.

நிலநடுக்கத்துக்குப் பருமன் ஒன்றுதான், 8.6 என்றால் உலகம் முழுக்க 8.6. ஆனால் அது ஓர் இடத்தில் எவ்வளவு உறைக்கிறது என்ற செறிவு இடத்துக்கு இடம் வேறு, மாடிக்கு மாடிகூட வேறு. தொலைக்காட்சியில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து "ரிக்டரில் இத்தனை" என்று வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். பருமனில் ஒரு எண் கூடினால் வெளிவரும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு, இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு. 6க்கும் 8க்கும் வித்தியாசம் இரண்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

இனிப் பாங்கொக். 2025 மார்ச் 28, மியன்மாரில் 7.7. பாங்கொக் அங்கிருந்து சுமார் ஆயிரம் கிலோமீற்றர். அங்கே மூன்று விசயங்கள் ஒன்றுசேர்ந்தன. தூரத்தில் இருந்து வந்த மெதுவான அலை. நகரத்துக்கு அடியில் இருக்கும் ஆழமான மென்களி மண், அது அந்த மெதுவான அலையைத் தணிக்காது, வளர்த்துவிடும். மேலே உயரக் கட்டடங்கள். நீச்சல் குளத்துத் தண்ணீர் அருவி மாதிரிக் கொட்டியது அதனால்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் பார்த்த, பொலபொலவென்று விழுந்த 30 மாடிக்கு மேற்பட்ட கட்டடம் இன்னும் கட்டி முடியாதது. பாங்கொக்கில் ஆயிரக்கணக்கில் நிற்கும் மற்ற உயரக் கட்டடங்கள் ஆடின, சிலவற்றில் வெடிப்பு விழுந்தது, ஆனால் நின்றன. வீடியோ எடுப்பவர் விழுந்ததைத்தான் எடுப்பார், நின்றதை யார் எடுக்கப் போகிறார்?

இதைவிடப் பெரிய பாடம் மெக்சிக்கோ நகரம், 1985 செப்ரெம்பர் 19. நிலநடுக்கம் பசிபிக் கரையோரம், 8.0, நகரத்தில் இருந்து 350 கிலோமீற்றருக்கும் மேல். நகரத்தின் நடுப்பகுதி பழைய ஏரியின் சேற்றின் மேல் கட்டப்பட்டது. அந்தச் சேறு இரண்டு செக்கனுக்கு ஒரு தரம் ஆடும் குணம் உள்ளது. ஆகவே ஆறு மாடியில் இருந்து பதினைந்து மாடி வரை உள்ள கட்டடங்கள் போட்ட போட்டில் விழுந்தன. பக்கத்திலேயே சின்ன வீடுகள் தப்பின, 44 மாடி உயரக் கோபுரம் ஒன்றும் தப்பியது. கல்லு மண்ணுக்கு ஓரவஞ்சனை கிடையாது, தாளம் பொருந்தியவர்களைத்தான் அது பிடித்தது.

கொழும்பு அப்படியா? இல்லை, ஆனால் ஒரே மாதிரியும் இல்லை. காலி வீதிப் பக்கம் கபுக் கல்லும் மணலும், அடியில் நல்ல இறுகிய பழம் பாறை. வாய்க்காலைத் தாண்டி உள்ளே போனால், கொலன்னாவை, அத்திடிய, வடக்கே முத்துராஜவெல என்று சதுப்பும் கருஞ்சேறும். உயரமான கட்டடங்கள் பைலிங் அடித்துப் பாறையில் காலூன்றி நிற்கின்றன, அத்தோடு உயரக் கட்டடம் என்றால் காற்று பக்கவாட்டில் தள்ளுவதற்குக் கணக்குப் போட்டே கட்ட வேண்டும், அந்தப் பலம் ஆட்டத்துக்கும் ஓரளவு உதவும். என் தனிப்பட்ட அபிப்பிராயத்தைக் கேட்டால், உங்களைப் போன்ற நடுத்தரத் தொடர்மாடியில் நான் முதலில் பார்ப்பது மொட்டை மாடியை இல்லை, தரைத் தளத்தைத்தான். வெள்ளவத்தையில் பல தொடர்மாடிகள் கீழே கார் நிறுத்த வெறும் தூண்களில் நிற்கின்றன. மேலே சுவர் சுவராக இறுக்கம், கீழே மட்டும் சுவரில்லாத கால்கள். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்தில் இருந்து 200 கிலோமீற்றருக்கும் மேல் தள்ளி இருந்த அகமதாபாத்தில் விழுந்த மாடிக் கட்டடங்களில் பல இந்த ரகம்தான். மேல் மாடிகள் முழுசாக இருக்க, கார் நிறுத்தும் தளம் மட்டும் நசுங்கிப் போயிருந்தது.

நீச்சல் குளத்துக்கு ஒரு கணக்கு. பத்து மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம், 1.2 மீற்றர் ஆழம் என்றால் 60 கன மீற்றர் தண்ணீர், அதாவது 60 தொன். அது முதல் வரைபடத்திலேயே இருந்து, அதற்கேற்றபடி தூண் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. பிறகு விளம்பரத்துக்காக ஏற்றிய குளம் என்றால், அல்லது கீழே யாராவது கடையைப் பெருப்பிக்கச் சுவரையும் தூணையும் கொத்தியிருந்தால், அதைக் கேட்க உங்கள் முகாமைத்துவக் குழுவுக்கு வாய் இருக்க வேண்டும்.

அம்மா சொல்வதற்கு வருவோம். அம்மா சொல்வதில் முக்கால் பங்கு சரி. நிலநடுக்கங்களில் பெரும்பாலானவை புவித்தகடுகள் ஒன்றோடு ஒன்று உரசும் விளிம்புகளில் வருபவை. நமக்குக் கிட்ட உள்ள பெரிய விளிம்பு அந்தமான், நிக்கோபார், சுமாத்திரா வழியாகப் போகும் சுந்தா அகழி. அங்கே நம் பக்கத் தகடு வருசத்துக்கு ஒரு தீப்பெட்டி நீளமளவு அடுத்த தகட்டுக்குக் கீழே நுழையப் பார்க்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் யாருக்கும் தொல்லை இல்லை. மழைக்காலத்தில் ஊதிப்போன அலுமாரி லாச்சியை இழுத்திருப்பீர்களே, இழுக்க இழுக்க வராது, பலகை வளையும், கை நோகும், பிறகு ஒரேயடியாகப் பறந்து வந்து உள்ளே இருந்ததெல்லாம் நிலத்தில் கொட்டும். பாறையும் அப்படித்தான் நூறு வருசம், இருநூறு வருசம் வளைந்து கொடுத்துவிட்டுப் பிளவு வழியே ஒரு நாள் விடுபடும். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு வளைந்து போன வேலிகளையும் வீதிகளையும் அளந்து பார்த்து ஹரி பீல்டிங் றீட் என்பவர் 1910இல் சொன்ன விளக்கம் இது, அடிப்படை இன்றைக்கும் அதேதான்.

இலங்கை அந்த விளிம்பில் இல்லை. தீவின் 90 வீதம் கோடிக்கணக்கான வருசம் பழைய, இறுகிப்போன பாறை. ஆனால் "வராது" என்ற சொல்லை நான் எழுதமாட்டேன். 1993 செப்ரெம்பர் 30இல் மகாராஷ்டிராவின் லாத்தூரில், தகட்டு விளிம்பில் இருந்து எவ்வளவோ தூரத்தில், இதே மாதிரிப் பழம் பாறை நாட்டில் 6.2 வந்து ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள், விடியப்புறம் கல் வீடுகளுக்குள் நித்திரையில். 2001 செப்ரெம்பரில் புதுச்சேரிக்கு எதிரே கடலில் 5.5 வந்தது. கொழும்புக்கே 1615 ஏப்ரல் 14இல் ஒன்று வந்ததாகப் போர்த்துக்கேயர் காலத்துப் பதிவு ஒன்று சொல்கிறது, 200 வீடுகள் விழுந்து 2,000 பேருக்கு மேல் செத்ததாக. அந்தக் காலத்து எண்ணிக்கைகளை நான் அப்படியே நம்பி விழுங்குபவள் இல்லை, இருந்தாலும் யாரோ ஒருவர் பயந்து போய் உட்கார்ந்து எழுதும் அளவுக்கு ஏதோ ஆடியிருக்கிறது.

சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2020 ஓகஸ்ட்டில் இருந்து சில மாதங்கள் கண்டியில் திகனப் பக்கம் சனங்கள் சத்தம் கேட்டு வெளியே ஓடினார்கள். 2023 பெப்ரவரி 10இல் புத்தல, வெல்லவாயப் பக்கம் 3 அளவில் ஒன்று. அது துருக்கியில் 7.8 வந்து நாலாம் நாள் என்பதால் "துருக்கி ஆட்டம் இங்கே வந்துவிட்டது" என்று ஊரெல்லாம் கதை. சக்தியைப் பார்த்தால் துருக்கியது ஒன்றரைக் கோடி மடங்கு பெரியது, இரண்டுக்கும் தொடர்பும் இல்லை. இப்படியானவற்றைப் பல்லேகலையில் இருக்கும் கருவி உட்பட நம் நாட்டு நிலையங்கள் பதிகின்றன, புவிச்சரிதவியல் அளவைகள் மற்றும் சுரங்கப் பணியகம் அவற்றைப் பார்க்கிறது.

வட்சப் சாத்திரியார் விசயம் இரண்டு வரியில் முடியும். உலகத்தில் 5 பருமனும் அதற்கு மேலும் வருசத்துக்கு ஏறக்குறைய 1,500 வருகின்றன, நாளுக்கு நாலு. "48 மணித்தியாலத்துக்குள் இந்து சமுத்திரப் பக்கம் ஆட்டம்" என்று நானும் ஒவ்வொரு கிழமையும் சொல்லலாம், பாதி நாள் பலிக்கும், கிளிக்குக்கூட அவ்வளவு பலிக்கும். இடம், நேரம், பருமன் மூன்றையும் சேர்த்து முன்கூட்டிச் சொல்லும் வழி இன்றைக்கு யாரிடமும் கிடையாது. 1975 பெப்ரவரியில் சீனாவின் ஹைசெங்கில் முன்னதிர்வுகளைப் பார்த்துச் சனத்தை வெளியேற்றினார்கள், அன்றே 7க்கு மேல் ஒன்று வந்தது, உலகமே கைதட்டியது. அடுத்த வருசம் ஜூலையில் அதே சீனாவில் தங்ஷானில் ஒரு அறிகுறியும் காட்டாமல் வந்து 240,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. ஜப்பானிலும் மெக்சிக்கோவிலும் தொலைபேசியில் வரும் எச்சரிக்கை இதுவல்ல, அது ஆட்டம் தொடங்கிய பிறகு, அழிக்கும் அலை வந்துசேர முன் சில செக்கன்கள் முந்திக்கொண்டு கத்தும் மணி.

இனித்தான் நான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததன் காரணம். நீங்கள் கேட்காத கேள்வி. அன்றைக்கு 12ஆம் மாடியில் இருந்து ஓடி இறங்கினீர்கள், சரி. போய் நின்றது எங்கே? மரைன் டிரைவில். கடலுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு ரயில் பாதையும் நாலு கருங்கல்லும்.

யோசித்துப் பாருங்கள். கொழும்பில் உயர மாடியில் விளக்கு ஆறுதலாக, நீண்ட நேரம், ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடுகிறது என்றால் அதன் அர்த்தமே தூரத்தில் எங்கோ மிகப் பெரியதொன்று வந்துவிட்டது என்பதுதான். நமக்கு அந்தத் தூரம் பெரும்பாலும் கடல். உங்கள் வீட்டு விளக்கு அன்றைக்குச் செய்தி வாசித்தது, வானொலிக்கு முந்தியே. அந்தச் செய்தியைக் கேட்டு நீங்கள் கடலுக்குக் கிட்டப் போய் நின்றீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, அன்று என் அலுவலகத்திலும் பாதிப் பேர் காலிமுகத் திடலுக்குக் கடல் பார்க்கப் போனார்கள்.

2012இல் தப்பியது கடல் அடித்தளம் பக்கவாட்டில் நகர்ந்ததால். பிளவின் இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கிடையாக நகர்ந்தன, தண்ணீரைத் தூக்கவில்லை, எச்சரிக்கையை அன்றைக்கே விலக்கிக்கொண்டார்கள். 2004 டிசெம்பர் 26இல் நடந்தது வேறு. 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீளமான பிளவு பத்து நிமிடமளவு கிழிந்துகொண்டே போய், கடல் அடித்தளத்தை மீற்றர் கணக்கில் மேலே உந்தியது. மேலே இருந்த தண்ணீர் முழுக்கத் தூக்கப்பட்டது. 4,000 மீற்றர் ஆழக் கடலில் அந்த அலை மணிக்கு 700 கிலோமீற்றரில் ஓடும், விமான வேகம், ஆனால் கப்பலில் இருப்பவருக்குத் தெரியாது. கரைக்கு வந்து ஆழம் குறையக் குறைய வேகம் குறையும், உயரம் எழும்பும்.

நிலநடுக்கம் வந்தபோது நம் மணிக்கூட்டில் காலை ஏழு மணியாக ஒரு நிமிடம். கிட்டத்தட்ட அதே நேரம் கொழும்புக் கோட்டையில் இருந்து தெற்கே போகும் கரையோர ரயில் ஒன்று புறப்பட்டது. உங்கள் ஒழுங்கை முனையைத் தாண்டித்தான் போயிருக்கும். இரண்டு மணித்தியாலமளவில் கிழக்குக் கரையை அலை அடித்தது, பிறகு தீவைச் சுற்றி வளைந்து தெற்கும் மேற்கும். ஒன்பதரை மணியளவில் தெல்வத்தைக்குக் கிட்டப் பெரலியவில் அந்த ரயிலும் அலையும் சந்தித்தன. முதல் அலை ரயிலை நிறுத்தியது மட்டும்தான். தண்ணீரைக் கண்டு அயலில் இருந்தவர்களும் பாதுகாப்பு என்று பெட்டிகளுக்குள் ஏறினார்கள். அடுத்தது அதைவிடப் பெரிது. அந்த ஒரு ரயிலில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். ரயில் புறப்பட்ட நேரத்துக்கும் அந்த அலைக்கும் இடையில் இரண்டரை மணித்தியாலம் இருந்தது, அதைச் சொல்லத்தான் ஆளும் வழியும் இருக்கவில்லை.

இப்போது வழி இருக்கிறது. இந்து சமுத்திரத்துக்கு என்று எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது, இங்கே வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அறிவிக்கும், அவசர இலக்கம் 117. ஆகவே விளக்கு ஆடினால் இப்படிச் செய்யுங்கள். ஆடும்போது படியில் ஓடாதீர்கள், லிப்டுக்குப் போகவே வேண்டாம், பல்கனியையும் கண்ணாடி யன்னலையும் விட்டு விலகிச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே குந்தி அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதவு நிலைக்குள் நில் என்பது பழைய மண் வீட்டுப் புத்தி, இப்போதைய வீட்டில் நிலைக்கு ஒரு தனிப் பலமும் இல்லை. ஆட்டம் நின்றதும் கேஸை மூடுங்கள், தூண்களிலும் படிக்கட்டிலும் புதிய வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், கீழே இறங்காதீர்கள். மேலேயே இருந்து வானொலியைப் போடுங்கள். கொங்கிறீற்றில் கட்டிய தொடர்மாடியின் 12ஆம் மாடி, சுனாமிக்கு உங்கள் ஒழுங்கையில் கிடைக்கும் மிக நல்ல இடங்களில் ஒன்று. கடைக்கார அண்ணையையும் மேலே கூப்பிடுங்கள், இந்த முறை சிரிக்காமல் வருவார். வெடிப்புக் கண்டு இறங்கத்தான் வேண்டும் என்றால் கடல் பக்கம் திரும்பாமல் காலி வீதியைக் குறுக்கறுத்து உள்ளே போங்கள். முதல் அலை வந்து போனால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், மணித்தியாலக் கணக்கில் வந்துகொண்டிருக்கும், அறிவித்தல் வரும்வரை கரைக்குப் போக வேண்டாம். கடற்கரையில் நிற்கும்போது கடல் வழமைக்கு மாறாக உள்ளே வாங்கினால் ஒருவருடைய அறிவித்தலுக்கும் காத்திருக்காமல் ஓட வேண்டியதுதான்.

ஒரு திருத்தம், ஆடாவிட்டால் அலை வராது என்றும் அர்த்தம் இல்லை. பாகிஸ்தான், ஈரான் கரைக்கு எதிரே மக்ரான் என்று இன்னொரு விளிம்பு இருக்கிறது, 1945 நவம்பரில் அங்கே 8.1 வந்து அரபிக் கடலில் சுனாமி எழும்பியது. அப்படி ஒன்று இன்றைக்கு வந்தால் நம் விளக்கு அசையாமலே இருக்கலாம், ஆகவே விளக்கை நம்புங்கள், ஆனால் அறிவித்தலையும் கேளுங்கள்.

கண்டிக்குப் போகும் யோசனை பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், மலைநாட்டில் நிலநடுக்கத்தை விட மண்சரிவுக்குத்தான் நான் பயப்படுவேன். 2014 ஒக்ரோபர் 29 மீரியபெத்தையில் மழையில் ஊறிய மலை தோட்டத்து லயங்களின் மேல் இறங்கியதற்கு ஒரு அதிர்வும் தேவைப்படவில்லை. காணி வாங்குவதென்றால் தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்திடம் சரிவு அபாயம் பற்றிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். மற்றபடி வெள்ளவத்தை வீட்டை இந்தப் பயத்துக்காக விற்க வேண்டாம். அந்தக் காசில் ஒரு தூசை எடுத்து, அலுமாரிகளையும் புத்தகத் தட்டையும் சுவரோடு ஆணி அடித்து இறுக்குங்கள், கட்டிலின் தலைமாட்டுக்கு மேல் தொங்கும் கண்ணாடிப் படத்தைக் கழற்றுங்கள், மீன் தொட்டியை பிளக் பொயின்டுக்குப் பக்கத்தில் இருந்து தள்ளி வையுங்கள்.

அடுத்த முகாமைத்துவக் குழுக் கூட்டத்தில் இரண்டு விசயம் கேளுங்கள். ஒன்று, கட்டமைப்பு வரைபடமும் பைலிங் அறிக்கையும் யாரிடம் இருக்கின்றன, குளம் அந்த வரைபடத்தில் இருக்கிறதா. பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் கார் நிறுத்தும் தளத்துத் தூண்களைக் காட்டுங்கள், ஆளுக்கு ஒரு பங்காகப் போட்டால் பெரிய காசு இல்லை. மற்றது, இன்றைக்கே நீங்களே இறங்கிப் பார்க்கலாம், அவசரப் படிக்கட்டின் கதவு. பூட்டு இருந்தால் சாவி யாரிடம், அவர் சாப்பிடப் போகும் நேரம் எது என்று கேட்டு எழுதி வையுங்கள். பைலிங் அறிக்கை கிடைத்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.